தி ஃபேன்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்

செமஸ்டர் லீவில் ஊருக்கு வந்தால் எனக்கு இரண்டே வேலைதான். ஒன்று தூங்குவது, இன்னொன்று லேப்டாப்பில் பழைய படம் பார்ப்பது. இந்த முறை பார்த்தது 'தி ஃபேன்'. 1996-இல் வந்த படம், அதாவது நான் பிறப்பதற்கே எட்டு வருடம் முன்னால். டோனி ஸ்காட் இயக்கியது. பீட்டர் ஆப்ரகாம்ஸ் எழுதிய நாவலை வைத்து எடுத்திருக்கிறார்கள். ராபர்ட் டி நீரோ பெயரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. முடியும்போது ராத்திரி ஒன்றரை மணி. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. படம் பயமுறுத்தியதாலா என்றால் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கதை. (பார்க்க நினைப்பவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கலாம்.)

கில் ரெனார்ட் கத்தி விற்கும் சேல்ஸ்மேன். வீடு வீடாக, கடை கடையாகப் போவான், விற்பனை படுத்துவிட்டது. மனைவி விவாகரத்து வாங்கிவிட்டாள், சின்னப் பையன் அவளிடம் இருக்கிறான். கில்லுக்கு மிச்சம் இருப்பது பேஸ்பால் மட்டும்தான். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்கு நாலு கோடி டாலர் ஒப்பந்தத்தில் பாபி ரேபர்ன் என்ற வீரர் வருகிறார் (வெஸ்லி ஸ்னைப்ஸ்). கில்லுக்கு அவர்தான் சாமி. சீசனின் முதல் மேட்சுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போகிறவன், நடுவில் ஒரு வியாபார சந்திப்புக்காகப் பையனைத் தனியாகக் கூட்டத்தில் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். திரும்பி வந்தால் பையன் இல்லை. யாரோ வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதோடு மகனைப் பார்க்கவே கூடாது என்று கோர்ட் உத்தரவு வருகிறது. வேலையும் போகிறது.

பாபிக்கோ புது அணியில் ஆட்டம் வரவில்லை. அவருடைய ராசி எண் 11. அதை ஏற்கெனவே ப்ரைமோ என்ற சக வீரர் (பெனிசியோ டெல் டோரோ) வைத்திருக்கிறார், விட்டுத்தர மாட்டேன் என்கிறார். கில் போய் அந்த ப்ரைமோவைக் கொன்றுவிடுகிறான். பாபி மறுபடி நன்றாக ஆட ஆரம்பிக்கிறார். கில் நினைக்கிறான், இது நான் கொடுத்தது என்று. ஆனால் நன்றி வரவில்லை. பிறகு தற்செயலாகக் கடலில் பாபியின் மகனைக் காப்பாற்றி, அவர் வீட்டுக்குள் போய், தான் ரசிகன் என்பதை மறைத்துப் பேச்சுக் கொடுக்கிறான். ரசிகர்கள் எல்லாம் நாம் அடிக்கும்வரைதான், நான் எனக்காகத்தான் ஆடுகிறேன் என்கிற மாதிரி பாபி பேசுகிறார். முடிந்தது. கில் பாபியின் மகனைக் கடத்துகிறான், எனக்காக ஒரு ஹோம் ரன் அடி என்கிறான். கடைசியில் கொட்டும் மழையில் அம்பயர் வேடத்தில் மைதானத்துக்கே வந்து நிற்கிறான்.

படம் அமெரிக்காவில் போட்ட காசை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்தான் ஆச்சரியம். பின்பாதி முழுக்க ஒரே சத்தம், மழை, ஓட்டம். அவ்வளவு மழையில் மேட்ச் நடக்குமா என்று பேஸ்பாலே தெரியாத எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் அசல். கில்லின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை டி நீரோ முகத்திலேயே காட்டிவிடுகிறார். எதிரில் இருக்கிற வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் எரிகிற முகம். விற்க முடியாதவனின் முகம். காமர்ஸ் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், நாளைக்கு நம்மில் பாதிப் பேருக்கு டார்கெட் வேலைதான் காத்திருக்கிறது.

எனக்கு உறைத்தது இதுதான். ரசிகன் வெறி பிடித்தால் நட்சத்திரத்துக்கு ஆபத்து என்பதைத்தான் போஸ்டரும் டிரெய்லரும் சொல்கின்றன. ஆனால் படத்துக்குள் உற்றுப் பார்த்தால் பாபி ரேபர்னுக்கு ஒரு கீறல்கூட முதலில் விழவில்லை. முதலில் அடிபடுவது கூட்டத்தில் தனியாக விடப்பட்ட கில்லின் சொந்தப் பையன். அடுத்து ப்ரைமோ, அவரும் அதே அணிக்காரர். இயக்குநருக்கே இது தெரிந்து செய்ததா என்று தெரியாது. நிஜத்தில் நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு மோனிகா செலஸ் பெயர் தெரிந்திருக்கும். 1993 ஏப்ரல் 30, ஜெர்மனியின் ஹாம்பர்க். வயது 19, உலகின் நம்பர் ஒன். கால் இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில், கூட்டத்திலிருந்து வந்த ஒருவன் கத்தியால் குத்தினான். அவனுக்கு செலஸ் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அவன் ஸ்டெஃபி கிராஃபின் ரசிகன். ஸ்டெஃபி மறுபடி நம்பர் ஒன் ஆக வேண்டும், அவ்வளவுதான். (அவன் பெயர் எல்லா இடத்திலும் கிடைக்கும், எனக்கு எழுத விருப்பமில்லை.) செலஸின் காயம் சில வாரங்களில் ஆறியது. மறுபடி போட்டிகளுக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இதற்கிடையில் அவன் நினைத்தது நடந்தே விட்டது, அந்த ஜூன் மாதமே ஸ்டெஃபி நம்பர் ஒன். கோர்ட் அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை, இரண்டு வருட நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விட்டுவிட்டது. செலஸ் அதன் பிறகு ஜெர்மனியில் ஆடவே இல்லை. ஸ்டெஃபியை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. கேட்காத பரிசை ரத்தத்தோடு கொண்டுவந்து கையில் திணித்தால் என்ன செய்வார்?

நம் நாட்டுக்கு வருவோம். 'தி ஃபேன்' வந்த அதே 1996-இல், ஐந்து மாதம் முன்பு, மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரை இறுதி. இலங்கை 251. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்து எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனது. பாட்டில்கள் பறந்தன, கேலரியில் தீ வைத்தார்கள். நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதை இன்றைக்கும் வீடியோவில் பார்க்கலாம். அந்தத் தீ இலங்கை வீரர்களைச் சுடவில்லை. அங்கே ஒழுங்காக டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த கல்கத்தாக்காரர்களின் இருக்கைகளைத்தான் எரித்தது.

2007 மார்ச்சில் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றதும் ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல் பாய்ந்தார்கள். அதே செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அதே தோனி டி20 உலகக் கோப்பையைத் தூக்கினார். ஆறே மாதம்! இடித்த கையும் மாலை போட்ட கையும் ஒரே ஊர்க் கைதான்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் உடனே 1999 சேப்பாக்கத்தைச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஜனவரி 31, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்து, வெறும் 12 ரன்னில் தோற்றோம். மைதானம் முழுக்க எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது, அவர்கள் சுற்றி ஓடி வந்து வணங்கினார்கள். என் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவரே சேப்பாக்கத்தில் இருந்த மாதிரி சொல்வார். (சாத்தூரில் ஒரு டீக்கடையில் இருந்தார்.) பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி, நாம் அந்த மாதிரி ஆட்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

2022 அக்டோபர். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அரியலூர் மாவட்டம், கீழப்பழுவூர் பக்கம். ஒரே ஊர்க்காரர்கள், நண்பர்கள், இருபதுகளில் இருந்த இரண்டு பையன்கள். ராத்திரி வெளியில் உட்கார்ந்து குடித்தபடி கிரிக்கெட் பேசியிருக்கிறார்கள். ஒருவன் ரோகித் ஆள், இன்னொருவன் கோலி ஆள். கோலியையும் ஆர்சிபி அணியையும் கிண்டல் செய்ததில் ஆரம்பித்த சண்டை. மற்றவனுக்குக் கொஞ்சம் திக்குவாய், அதையும் சேர்த்துக் கிண்டல் செய்ததாகப் போலீஸ் விசாரணையை வைத்துச் செய்தி வந்தது. கையில் கிடைத்த கிரிக்கெட் மட்டையால் அடித்திருக்கிறான். ரோகித் ரசிகன் செத்துப்போனான். கோலி ரசிகன் கைதானான்.

பேப்பரில் 'ரோகித் – கோலி சண்டையில் கொலை' என்கிற தோரணையில் போட்டார்கள். எனக்கு அந்தத் திக்குவாய் விஷயம்தான் கண்ணில் நின்றது. எத்தனை வருடமாகக் கேட்ட கிண்டலோ. தன்னைச் சொன்னபோது பொறுத்துக்கொண்டவன் கோலியைச் சொன்னதும் எழுந்துவிட்டானா? இல்லை, கோலியைச் சொல்வதும் தன்னைச் சொல்வதும் அவனுக்கு ஒன்றாகவே ஆகிவிட்டதா? கொலைக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் கில் ரெனார்டைப் பார்க்கும்போது இந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். வாழ்க்கையில் எங்கேயும் ஜெயிக்காதவன், ஜெயிப்பதற்காக வேறொருத்தரை வைத்துக்கொள்கிறான். அவரைத் தொட்டால் விடுவானா?

அந்த மாதம் 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மெல்போர்னில் இந்தியா – பாகிஸ்தான். மறுநாள் தீபாவளி. 160 அடிக்க வேண்டும், 31 ரன்னுக்கு நாலு விக்கெட். கோலி கடைசி வரை நின்று 82 நாட் அவுட். கடைசிப் பந்தில் நம்ம அஸ்வின் ரன் எடுத்து முடித்தார். பட்டாசு ஊரில், தீபாவளிக்கு முதல் நாள், இப்படி ஒரு வெற்றி வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாத்தூரிலிருந்து வரும் ரோடு முழுக்கக் காகிதச் செத்தை. எங்கள் இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்து மணலில் பையன்கள் இருட்டுகிற வரைக்கும் வெடித்தார்கள். நானும் வெடித்தேன்.

அப்புறம் அந்த வீடியோவைப் பார்த்தேன். மேட்ச் முடிந்ததும் ரோகித் சர்மா ஓடிவந்து கோலியை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

அரியலூரில் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ரோகித்துக்காக ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான், கோலிக்காக ஒருவன் கம்பிக்குள் இருக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது, ஒரே அணிக்காரர்கள் கட்டிப்பிடிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குத்தான் கையிலிருந்த வெடியைப் பற்ற வைக்கப் பிடிக்கவில்லை.

இங்கே என் பாடத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். அக்கவுன்டன்சியில் குட்வில் என்று ஒன்று உண்டு. தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் விலை உண்டு. நாளைக்கும் இந்த வாடிக்கையாளர் இதே கடைக்குத்தான் வருவார் என்ற நம்பிக்கையின் விலை. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அது நம்முடைய ராத்திரிகளின் விலை. அவர்கள் கணக்கில் நாம் சொத்து. தப்பில்லை, வியாபாரம். சிக்கல் எங்கே என்றால், நாமும் நம் பக்கம் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிக்கிறோம். இத்தனை ராத்திரி கண் விழித்தேன், இத்தனை பேரோடு சண்டை போட்டேன், உனக்காக பரீட்சையில் கோட்டை விட்டேன். இதெல்லாம் நீ எனக்குத் தர வேண்டிய பாக்கி. கில்லும் அப்படி ஒரு நோட்டைத்தான் கையில் வைத்திருந்தான். அந்த நோட்டில் எழுதியிருக்கும் கடன்காரருக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்தெல்லாம் நடந்தே வருவார்கள். அக்கினிச் சட்டி, மாவிளக்கு, முடி காணிக்கை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அங்கே பாக்கி எப்போதும் பக்தன் பக்கம்தான், நேர்ந்துகொண்டவன்தான் செலுத்த வேண்டும். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற நாம் கோயிலிலிருந்து சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கணக்கைத் தலைகீழாக எழுதிவிட்டோம்.

சரி, ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்ல வேண்டுமே.

2019 மே 12. ஒன்பதாவது முடிந்த கோடை லீவு. ஐபிஎல் இறுதி ஆட்டம், ஹைதராபாத், சென்னை – மும்பை. நாங்கள் ஏழெட்டுப் பேர் காசு போட்டு அணுகுண்டும் லட்சுமி வெடியும் வாங்கி வைத்திருந்தோம். பார்த்தது பக்கத்து வீட்டில், அவர்கள் டிவி பெரியது. அந்த வீட்டுப் பையன் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து நண்பன். ஊரிலேயே மும்பை ஆள் அவன் ஒருவன்தான். மும்பை 149. தோனி ரன் அவுட், மூன்றாவது நடுவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கொடுத்தது. வாட்சன் 80 அடித்துக் கடைசி ஓவரில் ரன் அவுட். முழங்காலில் ரத்தம் கசியக் கசிய ஆடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். மலிங்கா. ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. ஒரு ரன்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்து, "காசு போட்டு வாங்கினது வேஸ்ட்டாப் போகக் கூடாதுலடா" என்று சொல்லி எங்கள் அணுகுண்டில் ஒன்றைப் பற்ற வைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வெடித்த சத்தம் அடங்குவதற்குள் என் கையில் ஸ்டம்ப் இருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஸ்டம்ப், நாங்கள் தினமும் ஆடுவது. எப்போது எடுத்தேன் என்று எனக்கு இன்று வரை ஞாபகம் இல்லை. ஓங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தலையைக் குறிவைத்துத்தான் ஓங்கினேன்.

அவன் மேல் படவில்லை. அவன் அம்மா நடுவில் கையை நீட்டிவிட்டார்கள்.

அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பட்டாசு ஆலையில் வெடிக்குத் திரி வைக்கிற வேலை. எத்தனை வெடிக்கு வைத்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. அடிகுழாய்க்கிட்ட வழுக்கி விழுந்துட்டேன் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னார்கள். எங்கள் அம்மாவிடமும் அதையே சொன்னார்கள். எங்கள் அம்மா என்னிடமே கஞ்சி கொடுத்துவிட்டு, "அத்தைக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரக் கூலி என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது கணக்குப் போடத் தெரியும். போட்டும் பார்த்தேன், எவ்வளவு என்று எழுத மனம் வரவில்லை. நான் தோனிக்காகச் செய்த மொத்தச் செலவு அதுதான், அதையும் நான் செய்யவில்லை.

அரியலூர் செய்தி வந்த அன்று நானும் அவனும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் இருந்தோம். அவன்தான் முதலில் படித்தான். பேப்பரை மடித்து அந்தப் பக்கத்தை மேலாக வைத்து என் பக்கம் தள்ளினான். நான் படித்து முடிக்கும்வரை டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீக்காசு அவன்தான் கொடுத்தான்.

படம் பார்த்ததற்கு மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். அத்தை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன், "அத்தை, அன்னைக்கு நான் அடிச்சது... அந்தக் கை இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கை?" என்றார்கள். அப்புறம் சிரித்தார்கள். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்கள். "மழை நேரத்துல லேசாக் கடுக்கும். வேற ஒண்ணுமில்ல ராசா."

கொஞ்ச நேரம் கழித்துப் பூவைக் கட்டிக்கொண்டே கேட்டார்கள், "ஆமா, அன்னைக்கு யாருப்பா ஜெயிச்சா?"

மும்பை என்றேன்.

"அப்ப எம் பிள்ள கட்சியா?" என்றார்கள். "தெரியாமப் போச்சே. உள்ள வா, இட்லி இருக்கு."